மைனரை வாசலுக்குக் குடியேற்றிய கதை

மகளைக் கட்டிக்கொடுத்த முதல் வருஷத்தில் தகப்பன்மார் செய்கிற கிறுக்குத்தனத்துக்கு அளவே கிடையாது. சிலர் திடீரென்று பக்திமான் ஆகிவிடுகிறார்கள். சிலர் ஒரு நோயும் இல்லாமல் ஆஸ்பத்திரியில் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், மகள் வாழ்கிற ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, அந்த ஊர் வரும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி வந்துவிடுவார். நான் நாய்க்கு ஏசி போட்டேன்.

அருப்புக்கோட்டையில் எனக்கு மோட்டார் வைண்டிங் பட்டறை. மழை பெய்யாத சீமையில் கிணற்று மோட்டாருக்குத்தான் வேலை அதிகம். இல்லாத தண்ணீரை இழுத்து இழுத்து அது கருகிப்போகும். அதில் எனக்குச் சோறு. வீடு திருச்சுழி ரோட்டில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில். வீட்டில் நான், மனைவி வசந்தா, ஒரே மகள் கவிதா. கவி காலேஜில் படிக்கும்போது நரிக்குடியில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாய் ராஜபாளையம் என்றார்கள். தகப்பனைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அது தெருவில் நடந்துபோன தோரணையைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக் காதர் பாய் வைத்த பெயர்தான் மைனர்.

கவி இருந்தவரைக்கும் மைனர் ஒழுங்காகத்தான் இருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு, காலையில் நடை, ராத்திரி வாசல் போர்ட்டிகோவில் சாக்கு. அவள் ஒரு தடவை "படு" என்றால் படுக்கும். (என்னிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள். நானும் கேட்பேன்.)

கல்யாணம் முடிந்து, அவளைக் காரியாபட்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம், மைனர் அவள் அறைக்கதவில் மூக்கை வைத்துப் படுத்துக் கிடந்தது. வசந்தா கதவைத் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். அந்த வாரமே அது கட்டிலில் ஏறிவிட்டது. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அது என்னைப் பார்த்த பார்வையில், மாப்பிள்ளை வந்தால் போடுவதற்கென்று வாங்கி வைத்த ஏசியை நான் போட்டுவிட்டேன். பிறகு முட்டை இல்லாமல் சோறு இறங்கவில்லை. பிறகு யாராவது உருட்டி ஊட்டாமல் முட்டையும் இறங்கவில்லை. நடையை விட்டுவிட்டது. சாயங்காலமானால் என் ஸ்கூட்டரில் முன்னால் ஏறி நின்றுகொள்ளும்; டீக்கடை வரைக்கும் ஒரு ரவுண்டு போய் ரெண்டு ரஸ்க் தின்றுவிட்டு வரவேண்டும். எதிரே வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்வார்கள்.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போன பிறகு, கவி முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. வளைகாப்புக்கு நாள் குறிக்கக் காரியாபட்டிக்குப் போனோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால், சம்பந்தியம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக ஒன்றைக் கேட்டார்.

"அண்ணே, ஒங்க வீட்டு நாயி கட்டிலுல படுக்குதாம்ல?"

அந்த அம்மா சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்த வீட்டில் ஒரு மிக்சி கூட அவர் உத்தரவில்லாமல் இரையாது.

நான் காபியைப் பார்த்தேன்.

"நாயி இருக்கட்டும், வேணாங்கல. பச்சப்புள்ள வார வீடு. அது வெளிய இருந்தா புள்ளய அனுப்புறேன். உள்ள இருந்தா, கவி இங்கயே இருக்கட்டும். இங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு."

வசந்தாவின் முகம் சுண்டிப்போனது. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவர முடியாமல் போனால் சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது? "நாய் விடவில்லை" என்றா? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மைனரை ஒரே வாரத்தில் வாசலுக்குப் பழக்கிவிடுவேன், கருகிப்போன மோட்டாரையே ஓடவைக்கிறவனுக்கு நாய் எம்மாத்திரம் என்றேன். மாப்பிள்ளை போனிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கொஞ்சம் இரக்கம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது.

மறுநாளே கால்நடை மருந்தகத்துக்குப் போய் டாக்டரம்மாவிடம் யோசனை கேட்டேன். அவர் ஒரு ஆட்டின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டே சொன்னார். சாப்பாட்டுக்கு நேரம் வையுங்கள், வைத்த தட்டைக் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுங்கள். நடக்க வையுங்கள். படுக்க ஒரே இடம். குரைத்தால் திரும்பிப் பார்க்காதீர்கள். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள். புள்ளை வந்த பிறகு மாற்றினால் நாய்க்குக் கிறுக்குப் பிடித்துவிடும், இப்போதே மாற்றுங்கள். கேட்கும்போது எல்லாம் சுளுவாகத்தான் இருந்தது.

பட்டறையில் மோட்டார் வந்த பெரிய மரப்பெட்டி ஒன்று கிடந்தது. அதை போர்ட்டிகோவில் போட்டு, உள்ளே கவியின் பழைய போர்வையை விரித்து, எதிரே ஒரு டேபிள் ஃபேனையும் வைத்தேன். மைனர் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தது. மோந்து பார்த்தது. காலைத் தூக்கிப் பெட்டியின் மூலையில் தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டது.

அதை வெளியே இழுத்துவந்து விட்டுக் கதவைப் பூட்டினேன். ஊளையிட்டது. டாக்டரம்மா சொன்னபடி திரும்பிப் பார்க்கவில்லை. காலையில் காதர் பாய் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பல வருஷம் சவுதியில் இருந்துவிட்டு, இனிமேல் நிம்மதியாகத் தூங்கவேண்டும் என்பதற்காகவே ஊருக்கு வந்தவர். கண் ரெண்டும் கோவைப்பழமாக இருந்தது. "அண்ணாச்சி, வீட்டுல ஏதும் துக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு வாரம் போனது. மைனர் இளைக்கவில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது, நாய் மட்டும் பளபளவென்று இருக்கிறது. ஒரு நாள் மத்தியானம் பட்டறையிலிருந்து சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். கவியின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் மைனர். பக்கத்தில் வசந்தா, மடியில் கிண்ணம், கையில் முட்டைச்சோற்று உருண்டை. நான் கத்த ஆரம்பித்தேன். அவள் அசரவில்லை. சாயங்காலம் டீக்கடையில் ரஸ்க் வாங்கிக் கொடுக்கிறவர் யார் என்று கேட்டாள். டீக்கடைக்காரர் மகளும் அவளும் ஒரே மகளிர் குழு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் சண்டை போட்டோம். எங்கள் ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு அவள் மைனரின் காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அவ கட்டிலு வெறுங்கட்டிலாக் கெடக்குறத என்னால பாக்க முடியலங்க. ஏதோ ஒண்ணு மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்துருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு."

எனக்கும் அதேதான் என்று சொல்லியிருக்கலாம். "சரி, ஏசிய அமத்து" என்றேன்.

அன்றிலிருந்து ரெண்டு பேரும் கட்சி மாறவில்லை. ரஸ்க் இல்லை, உருண்டை இல்லை, ஸ்கூட்டர் இல்லை. விடிந்ததும் கருவேலங்காட்டுப் பக்கம் நடை. அது நடுரோட்டில் உட்கார்ந்துகொள்ளும். நான் கயிற்றைப் பிடித்து இழுப்பேன். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள், யார் யாரை நடத்திக் கூட்டிப்போகிறார்கள் என்று தெரியாமல் நின்று பார்ப்பார்கள். ஆனால், பசி வேலை செய்தது. மைனர் தட்டில் வைத்ததைத் தின்ன ஆரம்பித்தது. நடக்கவும் செய்தது. பாக்கி இருந்தது பெட்டி ஒன்றுதான்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோரைப்பாயை விரித்து நான் படுத்துக் காட்டினேன். மைனர் யோசித்தது. பெட்டிக்குள் போனது. ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துவிட்டது. அது தூங்கியதும் நைசாக எழுந்து உள்ளே போய்விடலாம் என்பது என் திட்டம். நான் முழங்காலை மடக்கும்போதே அது ஒரு கண்ணைத் திறக்கும். எழுந்தால் ஊளை. படுத்தால் அமைதி. காதர் பாயின் முகம் என் நினைவுக்கு வரும். படுத்துவிடுவேன்.

தற்காலிக ஏற்பாடுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொசு என்னைத் தூக்கிக்கொண்டு போகாதது என் எடையால்தான். சிமெண்டுத் தரை பகல் வெயிலை எல்லாம் குடித்து வைத்துக்கொண்டு ராத்திரி பூராவும் என் முதுகில் கக்கும். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. பால்காரர் தினமும் என்னைத் தாண்டித்தான் பாக்கெட்டை வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, வசந்தாவுக்கும் எனக்கும் என்னவோ ஆகிவிட்டது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். பட்டறையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூக்கக் கலக்கத்தில் பாலவனத்தத்துக்காரர் ஒருவருடைய மோட்டாருக்கு வயரை இடம் மாற்றி, அது எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி மாட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன் போலிருக்கிறது. தண்ணீர் மேலே வரவில்லை, கிணற்றுக்குள்ளேயே கொப்புளிக்கிறது என்று மனுஷன் திரும்பி வந்து நின்றார்.

ஆனால், மைனர் வெளியே படுத்தது. அதுதானே பேச்சு? காரியாபட்டிக்குப் போன் போட்டு, நாய் இப்போது வாசலைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை என்று சொன்னேன். அது படுக்கும்போது நான் எங்கே படுக்கிறேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு எதற்குப் பதில் சொல்வது?

வளைகாப்பு நாள் வந்தது. காரியாபட்டியில் நல்லபடியாக முடிந்தது. கவி ரெண்டு கை நிறைய வளையலோடு எங்கள் வீட்டுக்குக் கிளம்பினாள். அவளைத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு வருவதாகவும், வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவதாகவும் சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். நானும் வசந்தாவும் வேனில் முந்திக்கொண்டு வந்தோம். மைனரைக் காதர் பாய் பொறுப்பில் விட்டிருந்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று காலையிலேயே அதைப் பெட்டியின் சட்டத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். (கயிறு நல்ல கயிறு. கனமான மோட்டாரைக் கிணற்றில் இறக்குகிற கயிறு. பெட்டிதான் வெறும் காலிப் பெட்டி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

வசந்தா ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள். போகிற போக்கில், வெயிலில் வருகிற புள்ளைக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று கவி அறையில் ஏசி சுவிட்சையும் போட்டுவிட்டாள். அந்த ஸ்டெபிலைசர் என் கையால் மாட்டியது. சுவிட்சைப் போட்டதும் கரண்டு விடாது. ஓரிரு நிமிஷம் யோசித்து, அப்புறம்தான் 'டக்' என்று சத்தத்தோடு விடும்.

கார் வந்து நின்றது. சம்பந்தியம்மா இறங்கி, கவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். பின்னால் மாப்பிள்ளை, ஆரத்தி எடுப்பதைப் படம் பிடிக்கப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். மைனர் கவியைப் பார்த்து வாலை ஆட்டியது. எழுந்திருக்கவில்லை. எனக்கே நம்ப முடியவில்லை. பட்டுச் சட்டை, பட்டு வேட்டியோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பொருட்காட்சியில் மாட்டைக் காட்டுகிறவன் மாதிரி கையை நீட்டினேன்.

"பாத்தீகளா சம்பந்தியம்மா?"

"பரவால்லையே" என்றார் அவர். அந்த வாயிலிருந்து அது வருவது பெரிய விஷயம்.

வசந்தா வாசற்படிக்கு உள்பக்கம் ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள். ஒரு சுற்றுத்தான் சுற்றியிருப்பாள். உள்ளே 'டக்' என்றது.

ஏசியின் சத்தத்தை மறந்திருக்கும் என்று நான் நினைத்தது தப்பு. மைனர் வில்லிலிருந்து விட்டது போலக் கிளம்பியது. பெட்டியும் கிளம்பியது. சம்பந்தியம்மா ஒரே இழுப்பில் கவியைத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். நான் பெட்டியைப் பிடிக்கப் பாய்ந்தேன். அது என் முழங்காலில் அடித்து என்னை வசந்தாவின் பக்கம் தள்ளியது. ஆரத்தி முழுவதும் என் சட்டையில். மைனர் உள்ளே போய்விட்டது. பெட்டி வாசற்படியில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது.

இப்போது நிலைமை இப்படி: உள்ளே வசந்தாவும் நாயும். வெளியே, உச்சிவெயிலில், ஏழு மாதப் புள்ளைத்தாய்ச்சியும் அவள் மாமியாரும். நடுவில் பெட்டி. நானும் காதர் பாயும் வெளியே இழுக்க, மைனர் ஏசி ஓடுகிற அறையை நோக்கி உள்ளே இழுத்தது. கயிறு அறுகிற கயிறா? மாப்பிள்ளை படம் பிடிப்பதை நிறுத்தவேயில்லை. கடைசியில் வசந்தா அழுதுகொண்டே கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட, நானும் காதர் பாயும் பெட்டியோடு மல்லாந்து விழுந்தோம். மைனர் கட்டிலில், கவிக்காக விரித்த புது விரிப்பின் மேல், காலை நீட்டிப் படுத்திருந்தது.

சம்பந்தியம்மா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கவி, வண்டியில ஏறு" என்றார்.

கவி என்னைப் பார்த்தாள். அவள் சின்ன வயசில் ஒரு தடவை கூட்டத்தில் என் கையை விட்டுத் தொலைந்துபோய்த் திரும்பக் கிடைத்தபோது இப்படித்தான் பார்த்தாள். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். தினமும் வெளியேதான் படுக்கிறது, இன்றைக்குத்தான் இப்படி, வேண்டுமானால் காதர் பாயைக் கேளுங்கள் என்றேன்.

"ஆமாம்மா" என்றார் காதர் பாய், மண்ணைத் தட்டிக்கொண்டே. "தெனமும் வெளியதான் படுக்குறாக."

மைனரைப் பிடித்துக்கொண்டு வந்து, பெட்டியை நிமிர்த்தி வைத்து, "படு" என்றேன். நின்றது. "மைனர், படு." என் முகத்தைப் பார்த்தது. அதட்டினேன், கொஞ்சினேன், சட்டைப்பையில் ரஸ்க் இருப்பதுபோல நடித்தேன். அது அசையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, நான் ஏதோ ஒன்றை மறந்துவிட்டேன் என்று அதற்குப் பட்டிருக்க வேண்டும். மூலைக்குப் போய், சுருட்டி வைத்திருந்த என் கோரைப்பாயை வாயில் கவ்வி இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டது.

காதர் பாய் என் காதோரம் வந்து, "அண்ணாச்சி, நீங்க படுத்தாத்தான் அது படுக்கும்" என்றார். அவர் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டார்.

வேறு வழி? பாயை விரித்தேன். பட்டுவேட்டியோடு, மார்பெல்லாம் ஆரத்தியோடு, சம்பந்தியம்மா காலுக்கு நேராகப் படுத்தேன். மைனர் பெட்டிக்குள் போனது. ஒரு சுற்றுச் சுற்றியது. படுத்துப் பெருமூச்சு விட்டது.

சம்பந்தியம்மா குனிந்து என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார்.

"நாயி வெளிய படுக்கும்னு சொன்னீக. நீங்களும் படுப்பீகன்னு சொல்லலயே அண்ணே."

முதலில் சிரித்தது கவிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மெதுவாச் சிரி புள்ள" என்று அதட்டிய சம்பந்தியம்மாவின் தோள் குலுங்கியது. அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். வசந்தா அழுகையும் சிரிப்புமாக ஆரத்தியைத் திரும்பக் கரைக்கப் போனாள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மைனர் ஒரு கண்ணைத் திறந்தது. "இருங்கண்ணே, எந்திரிக்காதீக" என்றார் சம்பந்தியம்மா அவசரமாக. ஆகவே, என் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுப் படியேறியதை நான் படுத்துக்கொண்டேதான் பார்த்தேன்.

கிளம்பும்போது அவர் தீர்ப்பையும் சொல்லிவிட்டார். நாய் நான் இருக்கிற இடத்தில் இருக்கும்போலத் தெரிகிறது. ஆகவே, நான் வெளியே இருந்துகொள்வது நல்லது.

இருந்தேன். பேத்தி பிறந்து, அவளைத் தொட்டிலில் போட்டு, மொட்டை போட்டு, கவி அவளைத் தூக்கிக்கொண்டு காரியாபட்டிக்குத் திரும்புகிற வரைக்கும் போர்ட்டிகோதான். மைனர் ஒரு நாளும் உள்ளே போகவில்லை. கவி உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தால் நாங்கள் ரெண்டு பேருமே தலையைத் தூக்குவோம். எல்லாம் முடிந்த பிறகு, இனி உள்ளே வந்து படுங்கள் என்று வசந்தா சொன்னாள். கட்டிலில் படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. மைனரைக் கூப்பிட்டேன். அது வாசற்படியில் நின்று, உள்ளே வருவது முறையல்ல என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பாயை எடுத்துக்கொண்டு நானும் போய்விட்டேன்.

மாப்பிள்ளை எடுத்த படம் குடும்ப குரூப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் ஏசி ரூம்களை யார் யாருக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் பெயர் வந்ததும் சம்பந்தியம்மா, அண்ணனுக்கு ரூம் எதற்கு, வாசலில் ஒரு பாய் போதும் என்றார். எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். விஷயம் தெரியாத மண்டபத்து மானேஜர் நிஜமாகவே ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து வாசலில் விரித்துவிட்டு, "வேற ஏதும் வேணுமாண்ணே?" என்று பணிவாகக் கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். நல்ல காற்று.